முதலில் அம்பு, பிறகு சட்டம்

ஜார்க்கண்ட் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு பதில் எழுதினேன். அதற்கு வந்த கேள்விகள் ஒரு மூட்டை. ஆகவே இந்த வாரம் சினிமா, கிரிக்கெட், ஜோசியம் மூன்றுக்கும் விடுமுறை.

ஈரோடு வாசகர்: ஆதிவாசிகளுக்கு என்னதான் வேண்டும்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

‘எங்களைக் கேட்டுவிட்டுச் செய்.’ இதைச் சட்டமாக எழுத நாடாளுமன்றத்துக்கு 1996 ஆயிற்று. எழுதியதைப் படிக்கப் பல மாநிலங்களுக்கு நெடுங்காலம் நேரம் வரவில்லை.

தஞ்சாவூர் வாசகர்: எங்கள் பக்கமும் மிராசுதார் கொடுமை இருந்தது. நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். அவர்கள் ஏன் வில்லை எடுத்தார்கள்?

கோர்ட்டுக்கும் போனார்களே! பிர்சா முண்டாவுக்கு முந்தைய தலைமுறையில் ‘சர்தார்கள்’ என்று அழைக்கப்பட்ட முண்டா, உராவ் மூப்பர்கள் பல பத்தாண்டுகள் மனு எழுதுவதையே போராட்டமாகச் செய்தார்கள். கல்கத்தா வரை மனு போனது. நிலம் திரும்பி வரவில்லை.

சிக்கலின் வேர் இதுதான். சோட்டா நாக்பூர் பீடபூமியில் முண்டாக்களின் ஏற்பாட்டுக்கு ‘குந்த்கட்டி’ என்று பெயர். காட்டைத் திருத்தி ஊர் கட்டிய முதல் குடும்பங்களின் வாரிசுகளுக்கு அந்த ஊரே கூட்டுச் சொத்து. தனி ஆள் பெயரில் ஒன்றுமில்லை, விற்கவும் வழியில்லை. ராஜா என்று ஒருவர் எங்கோ இருந்தார். வருஷத்துக்கு ஏதோ கொடுத்தார்கள். பிறகு அந்த ராஜா வெளியூர் ஆட்களுக்கு ஜாகீர் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலேய வருவாய்த் துறைக்கோ ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரன் பெயர் வேண்டும். பத்திரம் வைத்திருந்தவன் ஜாகீர்தார். காட்டைத் திருத்தியவன் அவனுக்கு வாரம் கொடுக்கும் குடியானவன் ஆனான். கூடவே வட்டிக்கடைக்காரன், சாராயக் குத்தகைக்காரன், வெட்டி வேலை. இந்த வெளியாட்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர் ‘திக்கு’.

அதன் பிறகு நடந்ததை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 1831–32இல் கோல் கிளர்ச்சி. 1833இல் அந்தப் பகுதிக்குத் தனி நிர்வாகம், 1837இல் ஹோ மக்களின் கோல்ஹானுக்கு வில்கின்சன் விதிகள். ஊர்த் தலைவரான முண்டாவும் பல ஊர்த் தலைவரான மான்கியும் தங்கள் வழக்கப்படியே நிர்வாகம் செய்யலாம் என்றார்கள். 1855 ஜூன் 30இல் போக்நாடி கிராமத்தில் சித்தோ, கான்ஹு சகோதரர்கள் சந்தால் மக்களைத் திரட்டினார்கள். பத்தாயிரம் பேர் கூடினார்கள் என்பார்கள். கிளர்ச்சியை அடக்கியதில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அதே ஆண்டு 37ஆம் சட்டம், சந்தால் பர்கானா என்ற தனிப் பகுதி. 1899–1900இல் பிர்சாவின் உல்குலான் என்ற பெரும் எழுச்சி. 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம்.

மனு போட்டுச் சட்டம் வந்ததாக ஒரு வரிகூட இந்தக் கணக்கில் இல்லை. வெள்ளைக்காரனுக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? அம்பு தைத்தால் நன்றாகவே கேட்டிருக்கிறது.

மதுரை வாசகர்: பிர்சா முண்டா போராளியா, சாமியாரா?

அவர் காலத்து ஆட்களைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. 1875 நவம்பர் 15இல் பிறந்தவர். கொஞ்ச காலம் மிஷன் பள்ளி, கொஞ்சம் வைணவத் தொடர்பு. பிறகு தனி வழி. சாராயத்தை விடு, பேய்க்குப் பலி கொடுக்காதே, ஒரே கடவுளை வணங்கு என்றார். நோயாளிகளைக் குணப்படுத்துகிறார் என்று கூட்டம் கூடியது. ‘தர்த்தி ஆபா’ என்றார்கள்: பூமியின் தந்தை. அப்போது அந்தத் தந்தைக்கு வயது இருபது.

கும்பிட வந்த கூட்டம் நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அரசுக்கு வியர்த்தது. 1895இல் பிடித்து இரண்டாண்டு சிறை. வெளியே வந்ததும் காட்டுக்குள் இரவுக் கூட்டங்கள். 1899 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எழுச்சி. 1900 ஜனவரி 9இல் டோம்பாரி மலையருகே துப்பாக்கிச் சூடு. பிர்சா பிடிபட்டு ஜூன் 9இல் ராஞ்சிச் சிறையில் இறந்தார். காலரா என்று எழுதி வைத்தார்கள். இருபத்தைந்து முடியவில்லை.

இன்று ராஞ்சி விமான நிலையத்துக்கு அவர் பெயர். அது சரி. ராஞ்சி மத்திய சிறைக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்! யாருக்குத் தோன்றிய யோசனையோ.

கோவில்பட்டி வாசகர்: ஹாக்கி ஊரிலிருந்து கேட்கிறேன். 1928 ஒலிம்பிக் கேப்டன் பிறகு என்ன ஆனார்?

உங்கள் ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஜெய்பால் சிங் முண்டா. ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஐ.சி.எஸ். பயிற்சியைப் பாதியில் விட்டவர். ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் தங்கம் வென்றபோது அணித் தலைவர் அவர்தான். இறுதி ஆட்டத்துக்கு முன்பே விலகிவிட்டார் என்பது தனிக்கதை.

1930களின் கடைசியில் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தான் ஒரு ‘ஜங்லி’ என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார். ஜனநாயகத்தை நீங்கள் ஆதிவாசிகளுக்குக் கற்றுத்தர வேண்டாம், அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மதுவிலக்கு விவாதம் வந்தபோதும் விடவில்லை: அரிசிக் கள் எங்கள் சடங்கின் பகுதி, அதில் கை வைக்காதீர்கள் என்று காந்தியவாதிகள் நிறைந்த அவையில் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டமன்றத்தில் முப்பதுக்கும் மேல் இடம் பிடித்து முக்கிய எதிர்க்கட்சி ஆனது. 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு தனி மாநிலம் கிடையாது என்றது. 1963இல் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். கோலுக்கு எதிரே நின்றுகொண்டு பந்தை எதிரணிக்குத் தட்டிவிட்டார் என்று அவர் ஆட்களே புலம்பினார்கள்.

திருச்சி வாசகர்: அவர் கரைத்ததைத் திரும்பக் கட்டியது ஷிபு சோரனா?

அவரும் ஏ.கே. ராய், பினோத் பிஹாரி மஹதோ ஆகியோரும். 1970களின் தொடக்கத்தில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா. சோரனின் தந்தையை வட்டிக்காரர்களின் ஆட்கள் கொன்றார்கள். மகன் வளர்ந்து வட்டிக்காரர்களையே குறிவைத்தார். ‘தான் கட்னி’ என்று ஓர் இயக்கம். வட்டியில் பறிபோன வயலில் பெண்கள் இறங்கி நெல்லறுப்பார்கள். ஆண்கள் வில்லோடு வரப்பில் காவல் நிற்பார்கள். மனு எழுதித் தோற்றவர்களின் பேரன்மார் அரிவாளால் மனு எழுதினார்கள்.

அதே கட்சிதான் 1993இல் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்றிய வாக்குக்காக லஞ்ச வழக்கிலும் வந்தது. காசு வாங்கி ஓட்டுப் போட்ட எம்.பி.யைத் தண்டிக்க முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தவறு என்று சொல்ல 2024 வரை ஆயிற்று. இரண்டு சோரன்களும் உண்மை. ஒருவரைச் சொல்லி இன்னொருவரை மறைப்பவர்களை நம்பாதீர்கள்.

வேலூர் வாசகர்: 2000இல் தனி மாநிலமே கொடுத்தாயிற்று. இன்னும் என்ன அழுகை?

கொடுத்த தேதி நவம்பர் 15, பிர்சா பிறந்த நாள். மரியாதைதான். அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள், 2001 பிப்ரவரி 2 அன்று, பிர்சாவின் மண்ணான குந்தி வட்டாரத்தில் தப்கரா என்ற ஊரில் போலீஸ் சுட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். கோயல்–காரோ அணை வேண்டாம் என்று இருபது ஆண்டுக்கு மேலாகப் போராடிவந்த மக்கள். அணைத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆனால் சுட்டது பாட்னா போலீஸ் அல்ல, புது மாநிலத்தின் சொந்தப் போலீஸ்.

கணக்கையும் பாருங்கள். கேட்டது பீகார், வங்கம், ஒரிசா, மத்தியப் பிரதேசம் நான்கிலும் பரவிய பெரிய ஜார்க்கண்ட். கிடைத்தது பீகாரின் தென்பகுதி மட்டும். அதில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி 26.2 சதவீதம். தங்கள் பெயரில் வந்த மாநிலத்திலேயே சிறுபான்மை. முதலமைச்சர் நாற்காலியில் பெரும்பாலும் ஆதிவாசிகள் உட்கார்ந்தார்கள் என்பது உண்மை. நிலக்கரியும் இரும்பும் யாருக்குப் போக வேண்டும் என்ற முடிவு நாற்காலியில் எடுக்கப்படுவதில்லை என்பதும் உண்மை.

2016இல் மாநில அரசு 1908 சட்டத்தையும் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டத்தையும் திருத்தப் பார்த்தது. விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றலாம் என்று. ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மசோதா ஆளுநரிடம் போனது. 2017இல் அவர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். அந்த ஆளுநர் சந்தால் பெண்மணி. பெயர் திரௌபதி முர்மு. ஆளுநர்கள் மசோதாவைத் திருப்பி அனுப்பினால் நாம் கோபப்படுவோம். இந்த ஒன்றுக்கு நான் கைதட்டினேன்.

திருவண்ணாமலை வாசகர்: எங்கள் செங்கம் பக்கம் வயல்வெளியெல்லாம் நடுகல். ஜார்க்கண்டில் கல் நட்டால் தேசத் துரோகமாமே?

நட்ட கல்லில் எழுதியிருந்தது அரசியல் சாசனம், அதுதான் வேடிக்கை. முண்டாக்களுக்கும் இறந்தவர்களுக்குக் கல் நடும் வழக்கம் உண்டு; ‘இந்த ஊர் எங்களுடையது’ என்பதற்கு முன்னோர் கல்லே சாட்சி. 2017–18இல் குந்தி மாவட்டத்து ஊர்கள் அந்த வழக்கத்தைப் புதுப்பித்தன. ஊர் எல்லையில் ஆளுயரத்தை விடப் பெரிய பலகைக் கல், பச்சை வர்ணம், வெள்ளை எழுத்து. அதில் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் தரும் 244ஆம் பிரிவு, ஐந்தாம் அட்டவணை, கிராம சபையே எல்லாவற்றுக்கும் மேல் என்ற அறிவிப்பு. பத்தல்கடி என்று பெயர்.

ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். பெரும்பாலும் பெயர் தெரியாத நபர்கள் மீது; ஊரையே குற்றவாளியாக்க வசதியான முறை. 2019 டிசம்பரில் ஹேமந்த் சோரன் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே வழக்குகளை வாபஸ் வாங்க முடிவெடுத்தார்.

ஆனால் கல்லில் எழுதியது எல்லாமே சரி என்று நான் சொல்லமாட்டேன். சாசனப் பிரிவுகளுக்குச் சில இடங்களில் இல்லாத அர்த்தம் கொடுத்தார்கள். ஆதார் வேண்டாம், அரசுப் பள்ளி வேண்டாம் என்பது வரை சிலர் போனார்கள்; அதில் நஷ்டம் குழந்தைகளுக்குத்தான். சட்டத்தைத் தப்பாகப் படித்தவனுக்கு வாத்தியாரை அனுப்ப வேண்டும். துணை ராணுவத்தை அனுப்பினார்கள்.

நாகர்கோவில் வாசகர்: முதல் பதிலில் 1996 சட்டம் என்றீர்களே, அது என்ன?

பெசா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம்: நிலம் எடுப்பதற்கு முன் கலந்து பேச வேண்டும், சிறு கனிமத்துக்கு அதன் பரிந்துரை வேண்டும், பறிபோன நிலத்தை மீட்கவும் வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தவும் அதற்கு உரிமை. நல்ல சட்டம். அமல்படுத்த மாநிலம் விதி எழுத வேண்டும். ஜார்க்கண்ட் பிறந்து இருபது ஆண்டு கடந்தும் யாரும் விதி எழுதாமலேயே இருந்தார்கள், ஆதிவாசி முதல்வர்கள் உட்பட. பேனாவுக்கு மை இல்லாமலா?

சேலம் வாசகர்: நியாம்கிரி மலையில் ஒரு கம்பெனியையே கிராமத்தார் திருப்பி அனுப்பினார்களாமே, நம்பலாமா?

நம்பலாம், தேதியோடு. ஒடிசாவின் நியாம்கிரி. டோங்கிரியா கோந்த் மக்களுக்கு அந்த மலையே தெய்வம், பெயர் நியாம ராஜா. மலையுச்சியில் பாக்சைட். அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா அலுமினா ஆலையை முதலில் கட்டிவிட்டார்கள். மலை எப்படியும் கிடைக்கும் என்ற தைரியம். 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம், மலையைத் தோண்டுவது அவர்கள் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்று கிராம சபைகளையே கேளுங்கள் என்றது. மலையில் நூற்றுக்கும் மேல் குடியிருப்புகள். மாநில அரசு பன்னிரண்டை மட்டும் பொறுக்கியது. சின்னச் சின்ன ஊர்களாக, வளைக்கச் சுலபமாக. மாவட்ட நீதிபதி முன்னிலையில் ஜூலை 18இல் தொடங்கி ஆகஸ்ட் 19 வரை ஒவ்வொன்றாகக் கூடினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. பொறுக்கியவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கும் இதில் தூரத்து உறவு உண்டு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போனதே, அந்த ஆலையும் பின்னாளில் அதே குழுமத்தின் கைக்கு வந்ததுதான். இங்கே கிராம சபையை யாரும் கேட்கவில்லை.

புதுச்சேரி வாசகர்: ‘அவதார்’ படம் இவர்கள் கதைதானா?

இல்லை. ஆனால் 2010இல் ஹாலிவுட் பத்திரிகை ஒன்றில் டோங்கிரியாக்களுக்காக ஜேம்ஸ் கேமரூனுக்கு விளம்பரம் கொடுத்து உதவி கேட்டார்கள். படத்தில் காப்பாற்ற வெளியாள் ஒருவன் வருகிறான். நியாம்கிரியில் அந்தப் பாத்திரத்துக்கு ஆள் தேவைப்படவில்லை.

சென்னை வாசகர்: மின்சாரம் வேண்டும், இரும்பு வேண்டும். யாராவது இடம் கொடுக்கத்தானே வேண்டும்?

யாராவது என்றால் யாராவதாக இருக்க வேண்டும். எப்போதும் அவர்களாகவே இருப்பது எப்படி? நாட்டின் மக்கள்தொகையில் பழங்குடியினர் 8.6 சதவீதம். அணைக்கும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடம் பெயர்ந்தவர்களில் சுமார் 40 சதவீதம் அவர்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. உங்கள் தெருவில் மெட்ரோவுக்கு ஒரு திண்ணையை இடிக்க எத்தனை வழக்கு நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

கோவை வாசகர்: ஆதிவாசிப் போராட்டம் என்றாலே நக்சல்தானே சார்?

சித்தோவும் கான்ஹுவும் எழுந்தது 1855. மார்க்ஸின் ‘மூலதனம்’ அச்சானது 1867. இவர்கள் யாரைப் படித்துக் கெட்டுப்போனார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். பிற்பாடு துப்பாக்கிக்காரர்கள் காட்டுக்குள் வந்தது உண்மைதான். அவர்களை எதிர்க்க சத்தீஸ்கரில் ஆதிவாசி இளைஞர்கள் கையிலேயே ஆயுதம் கொடுத்த சல்வா ஜூடும் ஏற்பாட்டை 2011இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. இரண்டு பக்கமும் குண்டு, நடுவில் ஊர்.

கும்பகோணம் வாசகி: நிலம் நிலம் என்கிறார்களே, அவர்கள் பெண்களுக்கு நிலம் உண்டா?

சரியான இடத்தில் கிள்ளினீர்கள். பெரும்பாலான பழங்குடி வழக்கங்களில் மகளுக்குப் பங்கில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் பழங்குடியினரைத் தொடாமல் விலகி நிற்கிறது. 1996இல் ஜார்க்கண்ட் பகுதிப் பெண்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கத்தை ரத்து செய்யாமல், பிழைப்புக்கு அந்த நிலத்தையே நம்பியிருக்கும் வரை பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று பாதி வழி வந்தது. 2025 ஜூலையில் சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில், பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று மீதி வழியில் பெரும்பகுதியைக் கடந்தது.

ஆண்கள் தரப்பு வாதம்: மகளுக்குக் கொடுத்தால் அவளைக் கட்டும் திக்கு மாப்பிள்ளை நிலத்தைச் சுருட்டிவிடுவான். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் 1908 சட்டப்படி ஆதிவாசி நிலம் வெளியாளுக்குப் போகவே கூடாது. அந்தப் பூட்டை ஒழுங்காகப் போட்டால் போதுமே. தப்கராவிலும் நியாம்கிரியிலும் முன் வரிசையில் நின்ற பெண்களிடம், நிலத்தில் மட்டும் பின் வரிசை என்று எந்த முகத்தோடு சொல்வது?

சத்தியமங்கலம் வாசகர்: வன உரிமைச் சட்டம் எங்களூரில் ஏன் இத்தனை தாமதம்?

சட்டம் 2006. காட்டில் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து குடியிருந்து உழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை. ஊருக்குக் கூட்டாகக் காட்டு உரிமை. ஆதாரம் என்று பத்திரம் மட்டும் கேட்கக்கூடாது, மூப்பர்களின் வாக்குமூலமும் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு உரிமைப் பத்திரங்களை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் விலக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அதற்குள் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய மூப்பர்கள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

2019 பிப்ரவரி 13இல் உச்ச நீதிமன்றம், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுங்கள் என்றது. பல மாநிலங்களில் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேல் மனுக்கள். நாடே கொதித்தது, அதே மாதம் 28இல் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார்கள்.

கள்ளக்குறிச்சி வாசகர்: கல்வராயன் மலைக்கு ஐந்தாம் அட்டவணை உண்டா?

கல்வராயனுக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஓர் அங்குலத்துக்கும் இல்லை. பத்து மாநிலங்களில் உண்டு; நாமும் கேரளமும் கர்நாடகமும் வெளியே. இங்கே பழங்குடியினர் 1.1 சதவீதம், மலை மலையாகச் சிதறி இருக்கிறார்கள் என்பது வழக்கமான காரணம். அட்டவணைக்கு மாநிலக் கணக்கு அவசியமில்லை, ஒரு வட்டாரத்தில் செறிவாக இருந்தால் போதும். கல்வராயனும் ஜவ்வாதும் சித்தேரியும் அப்படித்தான் இருக்கின்றன. உங்கள் மலையில் ஜாகீர்தார் ஆட்சியே 1976 வரை நடந்தது; தன்னாட்சியைப் பற்றி யோசிக்க அரசுக்கு அவகாசம் வேண்டாமா!

தருமபுரி வாசகர்: எங்கள் வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா?

எப்படி மறக்க? 1992 ஜூன் 20. சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து உங்கள் சித்தேரி அடிவாரத்து ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேருமே குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தொரு ஆண்டு. இந்தப் பதிலில் நகைச்சுவை தேடாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: எங்கள் பனியன் கம்பெனியில் ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய. அவர்கள் ஊரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எப்படிப் போவது?

தன்பாத்–ஆலப்புழை ரயில் உங்கள் ஊர் வழியாகவே போகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினால் பாதி ஜார்க்கண்டை வழியிலேயே பார்த்துவிடலாம். ராஞ்சியில் பிர்சா இறந்த பழைய சிறையை நினைவிடமாக்கியிருக்கிறார்கள். அவர் பிறந்த உலிஹாத்து, டோம்பாரி மலை இரண்டும் குந்திப் பக்கம். ஜனவரி 9 அன்று போனால் டோம்பாரியில் கூட்டம் கூடும், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கும். உங்கள் கம்பெனிப் பெண்களில் யாருக்காவது அந்த நேரத்தில் லீவு கொடுத்தால் அவர்களே கூட்டிப் போவார்கள். குளிர் கடுமை. பனியன் போதாது, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.